எல்கைப் பந்தயத்துக்கு வந்த ஜட்காக் குதிரை

கால்நடை மருத்துவர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். ஊசியை எங்கே போடுவது, மருந்தை எவ்வளவு கொடுப்பது என்பதெல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. என்னைவிட நன்றாகவே படித்துவிட்டு வந்திருப்பீர்கள். அதனால் நான் குதிரையைப் பற்றிச் சொல்லப் போகிறேன். உங்களில் முக்கால்வாசிப் பேர் ஓய்வு பெறும்வரை ஒரு குதிரைக்குக்கூட வைத்தியம் பார்க்கப் போவதில்லை. பரவாயில்லை, கேளுங்கள். ஊரே கூடி நின்று உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாள் உங்களுக்கும் ஒன்று வரும். அன்றைக்கு எதிரில் நிற்பது ஆடாக இருக்கலாம், கோழியாகவும் இருக்கலாம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அரியலூரில் வேலை பார்த்தேன். அப்போது அது திருச்சி ஜில்லா. பொம்பளை டாக்டர் என்பது அந்தப் பக்கத்துக்குப் புதுசு. மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் என்னிடமே, "டாக்டரு எப்பம்மா வருவாரு?" என்று கேட்பார்கள். "வந்தாச்சு, மாட்ட உள்ள கட்டுங்க" என்பேன். கொஞ்ச நாள் முழித்தார்கள், அப்புறம் பழகிவிட்டார்கள்.

கீழப்பழுவூர் ரோட்டில் வருஷா வருஷம் கோயில் திருவிழாவை ஒட்டிக் குதிரை வண்டிப் பந்தயம் நடக்கும். ஊரில் புறப்படுகிற வண்டிகள் அரியலூர் பக்கமாக ஓடி, ரோட்டோரம் நட்டு வைத்திருக்கும் கொடி வரை போய், அதைச் சுற்றித் திரும்பி வரவேண்டும். அந்தத் திரும்புகிற இடத்துக்குத்தான் எல்கை என்று பெயர். பந்தயத்துக்கும் எல்கைப் பந்தயம் என்றே பெயர். சுற்று வட்டாரத்தில் அதைவிடப் பெரிய பந்தயம் கிடையாது. லால்குடியிலிருந்தும் ஜெயங்கொண்டத்திலிருந்தும் குதிரைகள் வரும். அவற்றின் மேல் ஜனங்கள் கட்டாத பொருளும் கிடையாது. பணம், கைக்கடிகாரம், சைக்கிள், நெல் மூட்டை, எல்லாம் கைமாறும்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பந்தயத்தன்று காலையில் டாக்டர் வந்து எல்லாக் குதிரைகளையும் பார்க்க வேண்டும். டாக்டர் வேண்டாம் என்று சொன்ன குதிரை ஓடக்கூடாது. அந்தக் குதிரையை நம்பி யார் எதைக் கட்டியிருந்தாலும் செல்லாது, வைத்தவன் வைத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதனால் என்ன ஆயிற்று என்றால், நான் பார்த்து முடிக்கும்வரை பாதிக் கூட்டம் பந்தயம் கட்டாமல் காத்திருக்கும். அதுவரை அவர்கள் குதிரையைப் பார்ப்பதில்லை, என்னைப் பார்ப்பார்கள்.

இது எனக்கு முதல் வருஷம் தெரியவில்லை. லால்குடிப் பக்கத்திலிருந்து ஒரு கறுப்புக் குதிரை வந்திருந்தது. என்ன அழகு! எண்ணெய் தடவி நீவிவிட்ட மாதிரி உடம்பு. பார்த்து முடித்ததும் ஆசையாகக் கழுத்தில் ரெண்டு தட்டு தட்டிவிட்டு வந்தேன். அவ்வளவுதான். 'டாக்டரம்மா தட்டிக் குடுத்துட்டாங்க' என்று கூட்டத்துக்குள் சேதி ஓடி, ஆளாளுக்குக் கறுப்பு மேல் கட்டிவிட்டார்கள். அந்தக் கறுப்பு பாதி வழியில் வண்டியோடு ரோட்டை விட்டு இறங்கிக் கடலைக்கொல்லைக்குள் போய் மேய ஆரம்பித்துவிட்டது. ஒரு மாசத்துக்கு மருந்தகத்தில் இதே வழக்குதான். "நீங்க தட்டப்போயிதானேம்மா நான் சைக்கிள விட்டேன்?" என்று ஒருத்தர் கோழிக்குத் தடுப்பூசி போட வந்த இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். அழகாக இருந்ததென்று தட்டினேனய்யா என்று சொன்னால் யார் நம்புகிறார்கள்?

அதிலிருந்து நான் ஒரு முறை வைத்துக்கொண்டேன். எந்தக் குதிரையாக இருந்தாலும் முதலில் கண், பிறகு வாய், மார்பு, நாலு கால், குளம்பு, கடைசியில் மூச்சு. ஒன்றுக்கு எத்தனை முறை கை வைத்தேனோ அத்தனை முறைதான் அடுத்ததுக்கும். சந்தேகம் வந்தால்கூட அந்த இடத்தில் கை நிற்காது. முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொள்வேன். வீட்டில் கோபம் வந்தாலும் அதே முகம்தான் என்று என் கணவர் சொல்வார். இதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. நம் தொழிலில் நாம் சொல்கிற முடிவுக்கு முன்னாலேயே நம் கையும் முகமும் ஒரு முடிவைச் சொல்லிவிடுகின்றன. மாட்டுக்காரர் அதைப் படித்துவிடுவார். அதை நீங்கள் ஆளத் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அரியலூர் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் வாடகைக்கு ஜட்கா வண்டி ஓட்டிய மாணிக்கம் என்பவருக்குச் செவலை நிறத்தில் ஒரு பெண் குதிரை இருந்தது. பேரே செவலைதான். சின்ன உடம்பு, நல்ல நெஞ்சு, சாதுவான சுபாவம். நான் வேலையில் சேர வந்த அன்றைக்கு ஸ்டேஷனிலிருந்து என்னையும் என் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு வந்தது அந்தக் குதிரைதான். டவுன் பஸ் வந்த பிறகு ஜட்காவில் ஏறுகிறவர்கள் குறைந்துபோனார்கள். வயசானவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், மூட்டை முடிச்சோடு வருகிறவர்கள், இவர்களை வைத்துத்தான் அந்தக் குடும்பம் சாப்பிட்டது. நிலம் கிடையாது. மாணிக்கத்தின் அப்பா காலம் வரை அடுத்தவர் வயலில் கூலி வேலைதான். குதிரை வந்த பிறகுதான் அந்த வீட்டில் அடுத்தவர் கையை எதிர்பார்க்காமல் அடுப்பெரிந்தது.

மனுஷன் சும்மா இருந்திருக்கலாம். லெப்பைக்குடிக்காட்டைச் சேர்ந்த ஹமீது பாய் துபாயில் கடை வைத்திருந்தவர், லீவில் வந்த இடத்தில் மைசூர்ப் பக்கமிருந்து உயரமான வெள்ளைக் குதிரை ஒன்றை வாங்கியிருந்தார். பார்த்தவர்கள் எல்லாரும் இந்த வருஷம் பரிசு வெள்ளைக்குத்தான் என்றார்கள். அந்த வெள்ளையை ஒருநாள் லாடம் அடிக்க அரியலூருக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஸ்டேஷன் வாசலில் கூட்டம் கூடிப் பார்த்தது. மாணிக்கம் திடீரென்று, "ஒங்க வெள்ளைய எஞ் செவலை முந்திடும் பாய்" என்றிருக்கிறார்.

பாய் சிரித்தாராம். "முந்திட்டா வெள்ளைய நீயே ஓட்டிட்டுப் போயிடுப்பா. முந்தலேன்னா?"

"செவலைய நீங்க பிடிச்சிக்குங்க."

விளையாட்டாகத்தான் பாய் கேட்டிருக்கிறார். ஆனால் சுற்றி அத்தனை பேர் சாட்சி. மறுநாளே கீழப்பழுவூர் வரை பேச்சுப் பரவி, இரண்டு பேராலும் வாபஸ் வாங்க முடியாமல் போயிற்று. குதிரைக்குக் குதிரை பந்தயம்.

பந்தயத்தன்று காலையில் நான் புறப்பட்டுக்கொண்டிருக்கிறேன், மாணிக்கத்தின் மனைவி பவுனு வீட்டு வாசலில் வந்து நின்றார். என்னைவிட ஓரிரு வயசு மூத்தவராக இருப்பார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"டாக்டரம்மா, ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. செவலைக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லிப்புடுங்க. அப்பறம் பந்தயம் செல்லாதுல்ல?"

"செவலைக்கு என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யல. நல்லாத்தான் இருக்கு. அதான ஒங்ககிட்ட வந்தேன். இவுருக்குப் புத்தி பேதலிச்சிப் போச்சி. வெடியக்காலம் எந்திரிச்சி ஆளில்லாத ரோட்ல ஓட்டிப் பழக்குறேன்னு அலையுறாரு. அந்த ஒசரமான குதிரைகூட இது ஓடுமா? இது போயிடுச்சின்னா நாங்க என்னத்தத் திங்கிறது? திரும்பவும் களையெடுக்கப் போவச் சொல்றாரா?"

எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது, மறைப்பானேன். ஒரு வார்த்தைதான். யாருக்கும் நஷ்டமில்லை. பாய்கூட நிம்மதியாகத்தான் மூச்சு விடுவார். ஆனால் இன்றைக்கு இரக்கப்பட்டு நல்ல குதிரையை நொண்டி என்று சொன்னால், நாளைக்கு வேறொருத்தன் நொண்டிக் குதிரையை நல்லதென்று சொல்லச் சொல்லி வந்து நிற்பான். அவனுக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்கும். அவனிடம் எந்த முகத்தோடு முடியாது என்பேன்?

"நல்லா இருக்குற குதிரைய நல்லா இல்லன்னு என்னால சொல்ல முடியாது பவுனு. கேட்டதுக்குக் கோச்சிக்க மாட்டேன். ஆனா முடியாது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களும் பொம்பளதான? மாசம் பொறந்தா சம்பளம் வருது, ஒங்களுக்கு என்ன தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிப் போய்விட்டார். அவர் சொன்னதில் தப்பு இல்லை.

பந்தயத் திடலுக்குப் போனபோது குதிரைகளைப் புளியமரத்தடியில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். மேளம் ஒரு பக்கம், மைக் செட் ஒரு பக்கம். விழாக் கமிட்டித் தலைவர் ஒரு ரைஸ் மில்காரர். "சட்டுனு பாத்து வுட்டுருங்கம்மா, வெயிலு ஏறுது" என்று ஆரம்பித்தார்.

நான் வரிசையாகப் பார்த்தேன். உங்களுக்குத்தான் சொல்கிறேன், அன்றைக்கு மனசுக்குள் போட்ட கணக்கு இது. முதலில் பழைய நண்பர், லால்குடிக் கறுப்பு. உடம்பில் குறையே இல்லை, ஆனால் கவனம் பூராவும் ரோட்டோரப் பச்சையில். அடுத்தது திருமானூர்க் குதிரை. கால் வலுவானதுதான், ஆனால் காலையிலேயே வயிறு முட்டப் புல் போட்டுக் கூட்டி வந்திருந்தார்கள், பாதித் தூரத்தில் மூச்சு வாங்கும். ஜெயங்கொண்டத்திலிருந்து வந்தது குட்டிப் பருவம் தாண்டாதது, மேளம் அடிக்கும்போதெல்லாம் காது விறைத்து நின்றது. புறப்படுகிற இடத்திலேயே வண்டியைக் கவிழ்த்தாலும் கவிழ்க்கும். செவலை இவற்றில் சின்னது. ஆனால் தினம் தினம் வேலை செய்கிற உடம்பு. நெஞ்சில் காதை வைத்தால் சுவர்க் கடிகாரம் போல ஒரே சீராக அடித்தது. காலில் ஒரு கீறல் கிடையாது. நீளமான ஓட்டத்துக்கு இந்த உடம்புதான் சரி. வெள்ளை இல்லாவிட்டால் செவலைக்குத்தான் பரிசு என்று எனக்குப் பட்டது.

கடைசியாக வெள்ளை. ஹமீது பாய் தலையில் தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாகப் பக்கத்திலேயே நின்றார். குதிரையும் கம்பீரமாகத்தான் இருந்தது. கண் சரி, வாய் சரி, மார்பு சரி. முன்னங்கால்களில் கை வைத்தேன். இரண்டும் குளுகுளுவென்று இருந்தன.

அதுதான் எனக்கு இடித்தது. மற்றக் குதிரைகளின் கால்களிலெல்லாம் வழியில் படிந்த புழுதி, சிமென்ட்டு லாரிகள் கிளப்பிய வெள்ளைப் பொடி. இதன் நாலு காலும் புதுசாகக் கழுவிய மாதிரி சுத்தம். குளம்புக்கு மேலே மயிரின் அடியில் மட்டும் கொஞ்சம் ஏரிச் சேறு ஒட்டியிருந்தது. வலியுள்ள காலில் சூடு இருக்கும், வீக்கம் இருக்கும். குதிரையை வெகு நேரம் குளிர்ந்த சேற்றில் நிற்க வைத்தால் சூடும் அடங்கும், வீக்கமும் வற்றும், வலியும் கொஞ்ச நேரத்துக்கு மரத்துப்போகும். அப்படித்தான் செய்திருக்கிறார்களா, இல்லை, நிஜமாகவே குளிப்பாட்டிச் சுத்தமாகக் கூட்டி வந்தார்களா? எனக்குத் தெரியவில்லை. கை அந்தக் காலை விட்டு நகர மறுத்தது. சுற்றிலும் அத்தனை கண். இரண்டாவது முறை தொட்டால் போதும், 'வெள்ளைக்குக் கால் போச்சி' என்று கூட்டம் கூவிவிடும். ஒன்றும் இல்லாத குதிரையின் பேரைக் கெடுத்த பாவம் எனக்கு வரும். தொடாமல் விட்டால் நொண்டிக் குதிரையை ஓடவிட்ட பாவம். அத்தனை வேகத்தில் அந்தக் காலில் தசைநாண் அறுந்தால் குதிரை எழுந்திருக்காது.

கையை எடுத்துவிட்டு, மூச்சையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தேன். எல்லாரும் என் வாயைப் பார்க்கிறார்கள்.

"டீ சாப்புடணும்" என்றேன்.

கமிட்டித் தலைவருக்குக் காது கேட்கவில்லையோ என்று நினைத்தேன், அப்படி முழித்தார். "என்னம்மா?"

"காலையில ஒண்ணும் சாப்புடல. டீ குடிச்சிட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் குதிரை எல்லாத்தையும் நிழல விட்டு வெளிய, தார் ரோட்டு மேல நிறுத்துங்க. எல்லாத்தையும். யாரும் தண்ணி ஊத்தக் கூடாது."

குளிர்ச்சி எவ்வளவு நேரம் தாங்கும்? வெயிலில், சூடான ரோட்டில் நின்றால் காலில் இருப்பது தானாக வெளியே வந்தாக வேண்டும். நான் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை, காத்திருந்தால் போதும். ஆனால் காத்திருப்பது இருக்கிறதே, அதைவிடக் கஷ்டமான வைத்தியத்தை என் சர்வீஸில் நான் செய்ததில்லை. ஒரு டீ குடித்தேன். கமிட்டித் தலைவர் வந்தார். "இன்னொரு டீ" என்றேன். கூட்டத்தில் யாரோ, "டாக்டரம்மாவுக்கு வடையும் வாங்கிக் குடுங்கப்பா, பொழுது சாயுறதுக்குள்ள முடிச்சிருவாங்க" என்று கத்தினான். சிரித்தார்கள். வடையும் கொண்டுவரச் சொன்னேன், அதையும் தின்றேன். மைக்கில் ஒருத்தர், டாக்டரின் தாமதத்தால் பந்தயம் தாமதமாகிறது என்று அறிவித்தார். காது மடலெல்லாம் சுட்டது. பொம்பளையை வரச் சொன்னால் இப்படித்தான் என்று பின்னால் ஒரு பேச்சும் வந்தது. அதைச் சொன்னவரைத் திரும்பிப் பார்க்காமல் இருந்ததற்கு எனக்கு ஒரு மெடல் கொடுத்திருக்கலாம்.

நானோ ஓரக்கண்ணால் வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் நாலு காலும் ஒரே மாதிரி ஊன்றி நின்றது. கொஞ்ச நேரம் கழித்து இடது முன்னங்காலை லேசாக முன்னால் நீட்டி வைத்தது. அப்புறம் அதன் மேல் பாரமே போடாமல் நின்றது. டம்ளரைக் கீழே வைத்தேன்.

"எல்லாக் குதிரையையும் ரோட்டு மேல ஒரு தடவ ஓட்டிக் காட்டுங்க, வண்டி பூட்டாம."

வரிசையாக ஓட்டினார்கள். வெள்ளை முறை வந்தபோது, இடது கால் தரையில் படும்போதெல்லாம் தலை ஒரு வெட்டு மேலே போயிற்று. நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு கிழவரே, "அட, நொண்டுதுப்பா" என்றுவிட்டார். போய்த் தொட்டுப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே, பின்பக்கத்துத் தசைநாணில் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி போலச் சூடு.

"வெள்ளை ஓடக் கூடாது" என்றேன்.

ஒரே இரைச்சல். கட்டியதைத் திரும்பக் கேட்டுப் பாதிப் பேர் ஓடினார்கள். கமிட்டித் தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார், வெள்ளையைப் பார்க்கத்தான் பாதிக் கூட்டமே வந்திருந்தது. ஹமீது பாய் குதிரையின் காலைத் தானே குனிந்து தொட்டுப் பார்த்தார். பிறகு குதிரை பார்த்துக்கொள்ள வைத்திருந்த ஆளைத் தேடினார். அவன் கூட்டத்துக்குள் எப்போதோ கழன்றுவிட்டிருந்தான்.

"அல்லாஹ் மேல ஆணையா எனக்குத் தெரியாதும்மா. சொன்னா வேலையப் புடுங்கிடுவேன்னு பயந்துகிட்டு மறைச்சிருக்கான் போல. எத்தன நாளாவும்?"

"மாசக் கணக்குல ஓடவிடாம வச்சிருந்தா நடக்கும் பாய். இன்னிக்கி ஓடியிருந்தா நடந்தும் இருக்காது."

"அப்ப நல்லதுதாம்மா ஆச்சி" என்றார். அவருக்கு அன்றைக்கு எத்தனை பேர் முன்னால் தலைகுனிவு! அதை அவர் வாங்கிக்கொண்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது.

மாணிக்கம் நிம்மதியாக வந்து கையெடுத்துக் கும்பிடுவார் என்று நான் எதிர்பார்த்தேன் என்றால் சிரிக்காதீர்கள். சாட்டையும் கையுமாக வந்து நின்றார், கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது.

"எங் குடியக் கெடுத்துட்டீங்களேம்மா!"

"நான் என்னய்யா பண்ணுனேன்? ஒங் குதிரை ஒன்கிட்டயே இருக்குல்ல?"

"வெள்ளையோட காலப் பாத்துட்டுத்தாம்மா நான் பந்தயமே கட்டுனேன்! லாடம் அடிக்க வந்த அன்னிக்கே பாத்தேன், எடது கால வச்சி வச்சி எடுத்துச்சி. இது ஓடாதுன்னு அப்பவே தெரியும். ஒங்களுக்கு அந்த டீய குடிச்சிட்டுப் பேசாம போவ முடியலியா? வெள்ளை இப்ப என் வூட்டு வாசல்ல நின்னுருக்கும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஊரே அவரைப் பைத்தியக்காரன் என்றது. மனுஷன் எல்லாரையும்விட முன்னாலேயே குதிரைகளை எடை போட்டுவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார். ஆச்சரியமாகவும் இருந்தது, கோபமாகவும் வந்தது.

"நொண்டுற குதிரைன்னு தெரிஞ்சும் ஓடட்டும்னு விட்டிருப்ப, அப்படித்தான?"

"குதிரை அவுரோடது. நான் எதுக்குச் சொல்லணும்?"

"கால் ஒடிஞ்சி விழுந்திருந்தா ஒன் வூட்டு வாசல்ல எது வந்து நின்னுருக்கும்?"

அவர் சாட்டையைத் தோளில் போட்டுக்கொண்டார். "பாருங்க. செவலை இன்னிக்கி மொதல்ல வரும். அப்பத் தெரியும் நீங்க எனக்கு என்ன பண்ணுனீங்கன்னு" என்று சொல்லிவிட்டுக் குதிரையைப் பூட்டப் போனார். இதையெல்லாம் பவுனு கொஞ்சம் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். புருஷன் சொன்னதைக் கேட்டு அவர் முகம் எப்படியோ ஆகிவிட்டது. இத்தனை நாள் தன்னிடம்கூட அந்தக் காரணத்தை அந்த மனுஷன் சொல்லவில்லை.

பந்தயம் ஓடும்போது டாக்டர் எல்கையில் இருக்க வேண்டும். வண்டிகள் கவிழ்வது பெரும்பாலும் அந்தத் திருப்பத்தில்தான். கமிட்டி ஜீப்பில் மருந்துப் பையோடு போய்க் கொடிக்குப் பக்கத்தில் இறங்கினேன். பவுனுவும் அதே ஜீப்பில் ஏறி வந்தார். ரோட்டின் இரண்டு பக்கமும் ஜனங்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"காலையில பேசுனத மனசுல வச்சிக்காதீங்க" என்றார் பவுனு.

"வச்சிக்கல."

"அவுரு சொல்றது நெசமா? ஜெயிச்சிருப்பாரா?"

என்ன சொல்வது? என் கணக்கும் அதேதான் சொன்னது. ஜெயித்திருப்பார் என்று சொன்னால் இந்தப் பெண்ணின் வயிற்றில் நானே நெருப்பை வைத்த மாதிரி ஆகும். "இருக்கலாம்" என்று மட்டும் சொன்னேன். அவர் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தார். நான் செய்தது சரிதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சரியானதைச் செய்ததால் ஒரு ஏழை வீட்டுக்கு வர வேண்டிய குதிரை வராமல் போயிற்று என்ற நினைப்பு நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. இந்த மாதிரி நேரங்கள் உங்களுக்கும் வரும். அதற்கு மருந்து என்னிடம் இல்லை.

தூரத்தில் புழுதி தெரிந்தது. முதலில் வந்தது செவலைதான்! பின்னால் வந்த வண்டி எங்கேயோ இருந்தது. கழுத்தை நீட்டிக்கொண்டு, காது மடங்கி, அந்தச் சின்ன உடம்பு பறந்து வந்தது. அடுத்து வந்த லால்குடிக் கறுப்பு அன்றைக்கென்று பார்த்து ரோட்டை விடாமல் ஓடியும் எட்டிப் பிடிக்க முடியவில்லை. மாணிக்கம் சாட்டையைக்கூடச் சுழற்றவில்லை. கொடிக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். உட்கார்ந்திருந்த கூட்டம் மொத்தமும் ஹோவென்று கத்திக்கொண்டு எழுந்து இரண்டு கையையும் மேலே தூக்கியது.

செவலை வேகத்தைக் குறைத்தது. ஓட்டம் நடையாயிற்று. மரியாதையாக ரோட்டின் இடது ஓரத்துக்கு ஒதுங்கி, கையைத் தூக்கி நின்றவர்களுக்கு எதிரில் வந்து நின்றுவிட்டது.

ஜட்காக் குதிரை அது. ரோட்டோரத்தில் யாராவது கையைத் தூக்கினால் ஓரமாக நிற்க வேண்டும் என்று பழக்கியிருந்தது மாணிக்கமேதான். வருஷக்கணக்காக அது செய்த வேலையே அதுதான். அவர் பழக்கிப் பார்த்ததோ ஆளில்லாத ரோட்டில், விடியற்காலையில். கை தூக்க அங்கே யார் இருந்தார்கள்? நான் கண்ணைப் பார்த்தேன், காலைப் பார்த்தேன், நெஞ்சில் காதை வைத்தேன். நாள் முழுக்க இது என்ன வேலை செய்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு கேட்காமல் எந்த மிருகத்தையும் நான் தொட்டதில்லை.

மாணிக்கம் ஹை ஹை என்று கத்தினார், கடிவாளத்தைச் சுண்டினார், சாட்டையை வீசினார். அது நகரவில்லை. ஆள் ஏறி வண்டி அமுங்கினால்தான் அது புறப்படும். கறுப்பு தாண்டிப் போயிற்று. திருமானூர்க் குதிரை மூச்சு வாங்கிக்கொண்டே தாண்டிப் போயிற்று. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "பெரம்பலூருக்கு ஒரு டிக்கெட்டுப்பா!" என்று ஒருத்தன் கத்தினான்.

பவுனு சிரிக்கவில்லை. ரோட்டைக் கடந்து வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். நானும் பின்னாலேயே போனேன்.

"வெள்ளை நொண்டிக்கிட்டாவது இந்நேரம் கொடியச் சுத்தி வூடு போயி சேந்துருக்குமா இல்லியா?" என்று கேட்டார்.

மாணிக்கத்தின் முகத்திலிருந்த கோபம் எல்லாம் வடிந்துவிட்டது. செவலையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வண்டியும் எங்களைத் தாண்டிப் போயிற்று. அவர் என் பக்கம் திரும்பிக் கும்பிடப் போனார். கை பாதிக்கு மேல் எழும்பவில்லை.

பந்தய வண்டியில் ஒரு ஆள் உட்காரத்தான் இடம். பவுனு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "தள்ளி உக்காரு" என்று சொல்லி ஏறிவிட்டார். வண்டி அமுங்கியதும், யாரும் சொல்லாமலே செவலை அரியலூர் ஸ்டேஷன் பக்கமாக நடக்க ஆரம்பித்தது.